பணியாரத்துக்கு ஏர் ஃப்ரையர் தேவையா?

மந்திர் மார்க்கில் டில்லி தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளில், விடிந்ததும் டிபன் டப்பா நிரம்பியாக வேண்டும். குழிப்பணியாரம் அதற்கேற்ற பண்டம். கையில் ஒட்டாது, ஆறினாலும் ருசி போகாது. இப்போது அதையும் ஏர் ஃப்ரையரில் செய்யலாமென்று ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறார்கள். மாதச் சம்பளக்காரர்கள் சற்று யோசிக்க வேண்டும்.

2010-இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய இந்த யந்திரம் சூடான காற்றைச் சுழற்றி வேகவைப்பது. உருளைக்கிழங்கு வறுவலுக்குப் பொருத்தம்தான். தளர்ந்த மாவோ சல்லடைத் தட்டில் நிற்காது; சிலிகான் கிண்ணங்களில் ஊற்ற வேண்டும். ரப்பர் போன்ற அந்தக் கிண்ணம் சூட்டை எளிதில் கடத்தாது. மேற்புறம் காய்ந்துவிடும்; அடிப்புறம் வெளுத்தே கிடக்கும். பணியாரத்துக்கு மொறுமொறுப்பைத் தருவது காய்ந்த இரும்புக் குழியும் அதில் விடும் எண்ணெயும் அல்லவா?

காஸ் இல்லாத வாடகை அறைவாசிகள் வாங்கட்டும். 180 டிகிரியில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் வைத்து, நடுவில் கவிழ்த்துப் போட்டால் தின்னும்படி வரும். ஆனால் பல யந்திரங்கள் 1,400 வாட் வரை இழுக்கும்; அறையின் ஒயர் தாங்குமா என்று வீட்டுக்காரரிடம் முதலில் கேளுங்கள். மற்றவர்கள் அடுத்த முறை ஊரிலிருந்து ஒரு பணியாரக்கல் கொண்டுவந்தால் போதும். ஜி.டி. எக்ஸ்பிரஸில் பை கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான்.