108 வரும்வரை யார் பொறுப்பு?

வலி நிவாரண மாத்திரையைப் போதைக்கு விற்றவர்கள் கைது என்ற செய்தி ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் இப்போது யாரையும் திடுக்கிட வைப்பதில்லை. அதைக் கரைத்து ஊசியில் ஏற்றும் பையனுக்கு அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்பது மட்டும் அந்தச் செய்திகளில் வருவதில்லை. அந்த மாத்திரையில் இருக்கும் டேபென்டடால் அபின் வகை மருந்து. அளவு கூடினால், அதிலும் மது சேர்ந்தால், மூச்சு மெல்ல அடங்கும். கண்மணி சுருங்கும், தொண்டை குறட்டைபோல் கரகரக்கும், உதடு நீலம் பாரிக்கும். மூச்சு நின்ற சில நிமிடங்களில் மூளை சேதமாகத் தொடங்கும். தொழிற்பேட்டையை ஒட்டிய வாடகை அறைக்கு 108 எவ்வளவு விரைந்து வந்தாலும், அந்த நிமிடங்கள் பக்கத்தில் இருப்பவர் கையில்தான் இருக்கின்றன. அவருக்கோ யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இதெல்லாம் பஞ்சாப், மணிப்பூர் பிரச்சினை, இங்கே குடியும் கஞ்சாவும்தான் என்பார்கள். சென்னையில் ஊசிவழி போதை எடுத்த 1,100க்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2009இல் வெளியானது. அதில் பதிவான 85 இறப்புகளில் முதல் காரணம் எய்ட்ஸ் அல்ல, காசநோயும் அல்ல. அளவு மிஞ்சிய போதை. ஊசி என்றாலே எச்.ஐ.வி. என்று மட்டும் நாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது.

காப்பாற்ற ஆள் இருந்தால் துணிச்சல் கூடும் என்பது இன்னொரு வாதம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பயன்படுத்துவோருக்கும் உறவினருக்கும் பயிற்சியும் நாலாக்சோன் மருந்தும் கொடுத்தார்கள். பயிற்சி பரவலாக நடந்த ஊர்களில் இறப்பு விகிதம், நடக்காத நிலையைவிட 46% குறைவு. அந்த மருந்து போதை தருவதில்லை. அபின் வகை மருந்தின் பிடியைத் தற்காலிகமாக விடுவிக்கிறது. பழகிய உடலுக்கு அது கொடுப்பது சுகமல்ல, நடுக்கமும் குமட்டலும்தான். அதை நம்பி யாரும் அளவைக் கூட்ட மாட்டார்கள். அளவு மிஞ்சியவரைப் பார்க்க நேரக்கூடியவர்களுக்கு இந்த மருந்து எட்ட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2014இலேயே சொல்லிவிட்டது. நம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் அது உண்டு. ஆனால் ஊசிமருந்தாக, மருத்துவர் சீட்டோடு.

ஆகவே மூச்சிலிருந்து தொடங்கலாம். தலையை நிமிர்த்தி வாயோடு வாய் வைத்து ஊதவும், மூச்சு திரும்பியதும் ஒருக்களித்துப் படுக்கவைக்கவும் உரிமம் தேவையில்லை. 150 தொழிலாளருக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, அதற்குச் சான்றிதழ் பெற்ற பொறுப்பாளர் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் வகுத்த விதி. அந்தப் பயிற்சியிலேயே இதையும் சேர்க்கலாம். மிஞ்சுவது போலீஸ் பயம். சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் பாதுகாப்பு தருகிறது. மயங்கிக் கிடக்கும் நண்பனுக்காக 108ஐ அழைப்பவர்மீது வழக்கு இல்லை என்று ஆவடி ஆணையரகம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.