காலில் ஒரு புள்ளி

"அம்பர்சர், அம்பர்சர், அம்பர்சர்..."

ஜலந்தர் பஸ் நிலையத்தில் கண்டக்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். நான் அமிர்தசரஸ் போகும் பஸ்ஸைத் தேடிக்கொண்டு அவர் மூக்குக்கு நேரே நின்றிருந்தேன். இரண்டு பஸ்ஸை விட்ட பிறகு கூட வந்த தோழர் வயிறு வலிக்கச் சிரித்தார். "வீர்ஜி, நீங்க தேடுற ஊர் ரயில்வே போர்டுல இருக்கு. ஜனங்க போற ஊர் இதுதான்."

அந்தத் தோழர் ஹோஷியார்பூர் பக்கத்துக் கிராமத்துத் தலித். முதுகலை படித்தவர். ஒரு கல்லூரி வேலைக்கு நேர்காணலுக்குப் போயிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டிருக்கிறார்கள். "ஹுஸ்யார்பூர்" என்றிருக்கிறார். "எங்க? இன்னொரு தடவை சொல்லுங்க." சொன்னார். "இன்னொரு தடவை." மூன்றாவது தடவை மேசைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. அவர் படிப்பைப் பற்றிக் கேட்க வைத்திருந்த கேள்விகளெல்லாம் அந்தச் சிரிப்பிலேயே தீர்ந்துவிட்டன. "ஷ வரல. அதான் என் தகுதிக் குறைவு" என்றார். 'ஸ்டேஷன்' என்று சொல்லாமல் 'டேசன்' என்று சொன்னதற்காகப் பள்ளிக்கூடத்தில் தலை குனிந்தவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

தோழர்களே, இந்த 'ஷ'வின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். குர்முகி எழுத்து அடிப்படையில் முப்பத்தைந்து. 'பைந்தி' என்பார்கள், முப்பத்தைந்து என்றே அர்த்தம். அதில் ஷ கிடையாது, ஃப கிடையாது, ஆங்கில இசட் ஒலி கிடையாது. பாரசீக, அரபிச் சொற்களுக்காக இருக்கிற எழுத்துக்குக் கீழே ஒரு புள்ளி வைத்துப் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். நாம் ஆய்தத்தை ஒட்டவைத்து ஃப போடுகிற மாதிரி. அந்தப் புள்ளிக்குப் பேர் 'பைர் பிந்தி', காலில் வைத்த பொட்டு. கிராமத்து வாய்க்கு இந்தப் பொட்டு பழக்கமில்லை. ஃபிரோஸ்பூர் பிரோஜ்பூர் ஆகும், ஃபாஸில்கா பாஜில்கா ஆகும், ஹோஷியார்பூர் ஹுஸ்யார்பூர் ஆகும். ஊரைக் கட்டினவன் வாயில் அது எப்படி வந்ததோ, ஊரில் உழைக்கிறவன் வாயில் இப்படித்தான் வருகிறது.

புள்ளி இல்லாததற்குச் சிரிப்பு வாங்கிய ஜனங்கள் பயத்தில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? வேண்டாத இடத்திலும் வைக்கிறார்கள். பக்வாரா என்ற ஊர்ப்பேரில் ஃப ஒலியே கிடையாது, மூச்சு சேர்ந்த ப தான். இன்று அது ஃபக்வாரா. பில்லவுர் ஃபில்லவுர். இந்தத் தவறுக்கு யாரும் சிரிப்பதில்லை. மேலே ஏறுகிற தவறு அல்லவா, அதனால் மன்னிப்பு உண்டு. வெள்ளைக்காரன் 'ஜுல்லுந்தர்' என்று எழுதினான், 'ஃபெரோஸ்போர்' என்று எழுதினான். தூத்துக்குடியை டூட்டிகாரின் ஆக்கிய அதே வாய். அவன் உளறலை வரைபடத்தில் அச்சடித்து, ரயிலடியில் பலகை மாட்டி, பரீட்சையிலும் அப்படியே எழுதச் சொன்னார்கள். அவனை மூன்று தடவை சொல்லச் சொல்லி யாராவது சிரித்தார்களா?

இன்னொரு சிரிப்பு டில்லியிலிருந்து வருவது. பஞ்சாபிக்கு 'bh', 'gh' எல்லாம் வராதாம். பக்ரா அணைக்கட்டின் பேரை இந்திக்காரர் முதல் எழுத்தில் மூச்சை அழுத்தி, அதிர வைத்துச் சொல்வார். பஞ்சாபி வெறும் ப போட்டுக் குரலைக் கீழே இறக்கி எழுப்புவார். பஞ்சாபி தொனிமொழி, இந்தோ-ஆரிய மொழிகளில் அபூர்வம். போன மூச்சுக்குப் பதில் தொனி வந்து உட்கார்ந்திருக்கிறது. 'கோடா' என்று நம் காதுக்கு ஒன்றுபோலக் கேட்கிற சொல், தொனி இறங்கினால் குதிரை, ஏறினால் தொழுநோயாளி, சமமாக நின்றால் சாட்டை. மூன்றையும் ஒரு குழந்தை தடுமாறாமல் பிரிக்கிறது. இதைக் குறை என்கிறவன் காதில்தான் குறை. (பகரத்தை ஒன்றே ஒன்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதுகிற நமக்கு இதில் சிரிக்க யோக்கியதை இல்லை.)

தொனி விஷயத்தில் பஞ்சாபிக்குள் சாதி பேதம் கிடையாது. பண்ணையாரும் அப்படித்தான், அவர் மாட்டுக்கொட்டகையில் சாணி அள்ளுகிறவரும் அப்படித்தான். ஆனால் டில்லியின் சிரிப்பை வாங்கிக்கொண்ட நகரத்து நடுத்தர வர்க்கம் அதைக் கீழே தள்ளிவிடுகிறது. வீட்டில் பிள்ளைகளோடு இந்தி, பள்ளியில் ஆங்கிலம், பஞ்சாபி வேலைக்காரியோடு மட்டும். அந்த வீட்டுப் பிள்ளை 'அம்பர்சர்' என்று சொன்னால் உதட்டில் அடி விழும்.

இதுவரைக்கும் சொன்னதை எந்த மொழியியல் பேராசிரியரும் ஒத்துக்கொள்வார். கிராமம் எதிர் நகரம், தாய்மொழி எதிர் அந்நிய மொழி என்று அழகாகக் கட்டுரை எழுதி முடித்துவிடுவார். நான் கேட்கிறேன், கிராமம் என்றால் யாருடைய கிராமம்?

தோழர் சொன்ன மிச்சத்தைக் கேளுங்கள். அந்த நேர்காணல் குழுவில் ஒருவர் பெரிய நிலக்காரக் குடும்பம், ஜாட். அவர் வாயிலும் ஃபிரோஸ்பூர் பிரோஜ்பூர்தான். அவர் சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் ரசிக்கிறார்கள். 'டேட்' பஞ்சாபி என்கிறார்கள், கலப்படமில்லாத மண்ணின் பேச்சு என்று அர்த்தம். அதே ஒலி தோழர் வாயில் வந்தால் 'அன்பட்', படிக்காதவன். ஒரே ஜ, ஒரே ஸ. நிலம் உள்ளவன் வாயில் அது வீரம், சினிமாப் பாட்டு, தேர்தல் மேடைக் கைதட்டல். நிலமில்லாதவன் வாயில் அழுக்கு. அங்கே எடை போடப்படுவது நாக்கு இல்லீங்க, பட்டா.

ஊர்ப்பேரையே தன் பேராகப் போட்டுக்கொள்வது பஞ்சாபில் வழக்கம். பிரதாப் சிங் கைரோன், பிரகாஷ் சிங் பாதல், இரண்டு முதல்வர்களுக்கும் பின்னால் நிற்பது ஊர். ஊரே அவர்கள் வகையறாவினுடையது, போட்டுக்கொள்கிறார்கள். நம் ஜனங்கள் அந்த ஊரில் யார்? 1900இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த பஞ்சாப் நில மாற்றுச் சட்டம் 'விவசாய சாதி' என்று ஒரு பட்டியல் போட்டது. தீண்டப்படாதவர்களுக்கு அதில் இடமில்லை. காசு இருந்தாலும் விவசாயச் சாதிக்காரனிடமிருந்து நிலம் வாங்க முடியாது. குடியிருந்த மனைகூட அடுத்தவனுடையது. 2011 கணக்குப்படி மாநிலத்தில் 31.9 விழுக்காடு தலித்துகள், எந்த மாநிலத்தையும்விட அதிகம். பிறந்த ஊர்ப்பேரைச் சொல்ல இவர்களுக்குத்தான் வாய் கூசுகிறது.

அந்தக் கூச்சத்தை உடைத்தவர் மங்கூ ராம். ஹோஷியார்பூர் பக்கம் முகோவால் என்ற சின்ன ஊரில் 1886இல் பிறந்தவர். அமெரிக்கா போய் கதர் கட்சியில் சேர்ந்து, திரும்பி வந்து, 1926இல் அதே முகோவாலில் மாநாடு கூட்டி ஆத் தர்ம இயக்கத்தைத் தொடங்கினார். நாங்கள் இந்துவும் இல்லை சீக்கியரும் இல்லை, இந்த மண்ணின் ஆதி மக்கள் என்றார். 1931 மக்கள்தொகைக் கணக்கில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் மதம் ஆத் தர்மம் என்று பதிந்தார்கள். மங்கூ ராம் முகோவாலியா! நிலக்காரன் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த வாலை அவரும் ஒட்டிக்கொண்டார். பிற்பாடு 'சாங்கியா ருக்' என்று தன் வரலாறு எழுதிய பல்பீர் மாதோபுரியும் அப்படித்தான், மாதோபூர் அவர் ஊர்.

ஆனால் ஊருக்குள் இன்னொரு பேர் இருக்கிறது. மால்வா பகுதியில் 'வெஹ்ரா' என்பார்கள். அகராதியில் முற்றம் என்று போட்டிருக்கும். சீக்கியத்தில் சாதி இல்லை என்று பேசுகிற ஆள் 'வெஹ்ரேவாலே' என்று சொல்லும்போது உதட்டைப் பாருங்கள், முற்றம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். தோஆபா பகுதியில் இந்த நாகரிகம்கூட இல்லை, சாதிப் பேரையே வைத்து 'சமார்லி'. நமக்குச் சேரி என்றால் அவர்களுக்கு இது. அரசுப் பள்ளிகளின் பேர்களிலேயே சாதி இருந்தது. 2022 டிசம்பரில் அதை நீக்கப்போவதாக அமைச்சர் அறிவித்தார், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளின் பேரை மாற்றினார்கள். நல்லது. பெயிண்ட் அடிக்க எத்தனை நாள் ஆகும்? வாய்க்கு யார் பெயிண்ட் அடிப்பது?

நம்ம கூட்டங்களிலும் நடக்கிறது, மறைப்பானேன். பேச வந்த தோழர் ஒரு சொல்லைத் தப்பாகச் சொன்னால் மேடையிலிருந்தே ஒரு அறிவுஜீவி திருத்துகிறார். உச்சரிப்பைக் கற்றுக்கொள்வது முன்னேற்றம்தானே என்கிறார்கள். கற்றுக்கொள்வோம். புள்ளி வைக்க நமக்கும் தெரியும். என் தோழர் நாலு மொழி எழுதுவார். பிரோஜ்பூர்க்காரரான அந்த நிலக்காரர் முதலில் புள்ளி வைக்கட்டும், பிறகு இவரிடம் கேளுங்கள்.

அன்று மாலை தோழரின் ஊருக்குப் போனோம். கண்டக்டர் ஊர்ப்பேரைக் கத்தினார், பஸ் பெரிய குருத்வாரா முன்னால் நின்றது. அங்கிருந்து கால்மணி நேரம் நடந்தோம். சாக்கடை தாண்டி ஒரு திருப்பம், சின்னதாக இன்னொரு குருத்வாரா, இவர்கள் ஆட்கள் கட்டியது. "பஸ்காரர்கிட்ட இந்த இடத்தைச் சொல்லி நிறுத்தச் சொல்லக் கூடாதா?" என்றேன். "என்ன பேரைச் சொல்லி நிறுத்தச் சொல்றது, வீர்ஜி?" என்றார்.