மான்கொம்பு கேட்காதீங்க

போன ஞாயிற்றுக்கிழமை களைக்கொத்து தட்டி வாங்க ஆசாரி பட்டறைக்குப் போனேன். செஞ்சிக் கோட்டை பார்க்க வந்த ஒரு தம்பி அங்கே நின்றிருந்தார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் கோட்டை சேர்ந்ததிலிருந்து இப்படி வருகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். வரட்டும், சந்தோஷம்.

அவர் செல்போனில் ஒரு கத்திப் படம் காட்டினார். இரும்புக்கும் மரப்பிடிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு வில்லை. ஸ்பேசர் என்கிறார்கள். "இதை மான்கொம்புல வச்சுக் குடுங்க, காசு எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்றார். ஆசாரி, "அது வேணாம் தம்பி" என்றார். "காட்டுல தானா விழுந்த கொம்புதானே அண்ணா? மான் ஒண்ணும் சாகலையே" என்று பதில் வந்தது.

படிச்ச பிள்ளைகள் எல்லோரும் இதைத்தான் சொல்றீங்க. ஆண் மான் வருஷம் ஒருமுறை கொம்பை உதிர்க்கும், நிஜம்தான். ஆனால் அதை விற்பதும் வாங்குவதும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஏன் தெரியுமா? வில்லையாக அறுத்த பிறகு எது உதிர்ந்த கொம்பு, எது கண்ணி வைத்துப் பிடித்த மானின் கொம்பு என்று யார் சொல்வது? நீங்க "எவ்வளவு ஆனாலும் பரவால்ல" என்கிற ஒரு வார்த்தைதான் அந்தக் கண்ணிக்குக் கூலி. மாட்டினால் உள்ளே போவது ஆசாரி. நீங்க காரில் ஏறிப் போயிடுவீங்க.

அந்த வில்லைக்கு ஒரு வேலை இருக்கு, அதை முதலில் தெரிஞ்சுக்குங்க. மழையில் மரம் ஊதும், வெயிலில் சுருங்கும். அப்போது பிடி ஆடாமல் இருக்கத்தான் இடையில் ஒன்று வைப்பது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்திருந்த கேபார் கத்திக்குப் பிடியே தோல் வில்லைகளை அடுக்கியதுதான்.

அழகு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உலக்கைக்குப் பூண் போட்டவங்க, காளைக் கொம்புக்குப் பித்தளைக் குப்பி மாட்டினவங்க நாங்க. எங்க ஊரில் என்ன இல்லை? நன்றாக முற்றிய தேங்காயின் கொட்டாங்குச்சியைத் தேய்த்து எண்ணெய் போட்டால் கறுப்பாக மின்னும். அது வளைவாக இருக்கும், பெரிய துண்டு கிடைக்காது; ஆனால் வில்லைக்குச் சின்னத் துண்டு போதுமே. எருமைக் கொம்பு இருக்கு. சூடு காட்டினால் இளகும், அழுத்தித் தட்டையாக்கலாம். அவசரப்படாமல் உலரவிடணும், இல்லாவிட்டால் முறுக்கிக்கும். பழைய பித்தளைச் சொம்பு பாத்திரக்கடையில் எடைக்குக் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: பித்தளை இரும்பை ஒட்டி ஈரத்தில் கிடந்தால் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். கத்தியைத் துடைத்து வையுங்க.

இதில் எதுவும் ஆசாரிக்குத் தெரியாததில்லை. யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான். வெளியூர் கொம்புக்கு ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிற கை, கொட்டாங்குச்சியை நாள் முழுக்கத் தேய்ச்ச கூலிக்கு அம்பது ரூபாய் குறைக்கச் சொல்லுது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

அன்றைக்கு அந்தத் தம்பி முகத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் போனார். அடுத்த தடவை வரும்போது உங்க வீட்டுக் கொட்டாங்குச்சி ஒன்றை எடுத்துட்டு வாங்க. பேரம் பேசாமல் கூலி கொடுங்க. அந்தக் கத்தி உங்க பிள்ளை காலத்துக்கும் வரும், போலீசுக்கும் பயப்பட வேண்டாம்.