கைப்பேசியும் முதியோர் கல்வியும்

கல்விக்கு வயதில்லை என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஆயினும், நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஐம்பது வயதில் எழுத்துக்கூட்டத் தொடங்கினால், அவரருகே அமர்வோர் நம்முள் எத்தனை பேர்? இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

வயது வந்தோர் கல்வி நம் பகுதிக்குப் புதிதன்று. சிதம்பரத்தில் 1929ஆம் ஆண்டு தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம், 1979இல் தொலைதூரக் கல்வியைத் தொடங்கிற்று. வேலை பார்த்துக்கொண்டே படிக்க விழைந்தோரின் இல்லந்தேடி அஞ்சலில் பாடங்கள் வந்தன. தொண்ணூறுகளில் அறிவொளி இயக்கத்தார் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவித்தனர். அதற்கும் முன்னரே, பள்ளிக்கூடம் சென்றறியாத நம் பாட்டிமார் பலர், தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத்தமிழ் ஏடுகளை வீட்டிலிருந்தே ஓதினர். அவர்களைப் படியாதவர் என்பது எங்ஙனம் பொருந்தும்? அவர்கள் இருந்த இடத்திற்கு, அவர்கள் அறிந்த எழுத்தில் கல்வி வந்தது என்பதே உண்மை.

இன்று அவ்விடத்தில் கைப்பேசி வந்து நிற்கிறது. அதன் பயனைக் கடலோர மக்கள் நன்கறிவர். கடலூருக்கு வடக்கே புதுவைக் கடற்கரையில், எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் அறிவு மையங்களை அமைத்தது. அலையின் உயரம் ஒலிபெருக்கி வழியே மீனவர்க்கு அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26 அன்று, நல்லவாடு ஊரார் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் தம் வீட்டாரை எச்சரித்தார். உடனே ஊரார் அம்மையத்தின் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை வெளியேற்றினர். ஆயிரக்கணக்கானோர் உயிர் பிழைத்தனர். அந்நிறுவனமே பின்னர் உருவாக்கிய ‘ஃபிஷர் ஃபிரண்ட்’ செயலி, காற்றின் வேகத்தையும் மீன் கிடைக்கும் பகுதியையும் மீனவரின் கைப்பேசிக்கே கொண்டு வந்தது.

நல்லவாடு தரும் பாடம் ஒன்றுண்டு. செய்தியைக் கொணர்ந்தது கருவி. அதைப் புரிந்து ஊருக்குரைத்தவர் மனிதர். இதை யாம் எம் வீட்டிலேயே கண்டோம்.

பரங்கிப்பேட்டையில் வாழும் எம் பெரியம்மா, 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கைப்பேசிக் காணொளிகளைப் பார்த்தே தையல் கற்றார். அளவெடுத்து வெட்டும் முறையைப் பத்து முறை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பார். விரைவில் தெருப் பெண்கள் துணியோடு வரலாயினர். ஆனால் அவருக்கு எழுத்துத் தெரியாது. வங்கியிலிருந்து செய்தி வந்தால் பக்கத்து வீட்டுச் சிறுவனை அழைப்பார். ஒருநாள், எவரோ பேசிக் கேட்க, கைப்பேசியில் வந்த இரகசிய எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லிவிட்டார். ஓராண்டுத் தையல் கூலி போயிற்று. ஆண்டுதோறும் வகுப்பறையில் தமிழ் கற்பிக்கும் யாம், எம் பெரியம்மாவுக்கு ‘அ’ கற்பிக்கவில்லையே என்று அன்று நாணினோம்.

கைப்பேசியே செய்திகளை வாசித்துக் காட்டுகிறதே, இனி எழுத்தெதற்கு என்பாரும் உளர். கேட்பவர் பிறர் சொல்லும் வேகத்தில் செல்ல வேண்டியவர். படிப்பவரோ நின்று, திரும்பிப் பார்த்து, ஐயுற்றுச் சரிபார்க்க வல்லவர். காணொளி கைத்தொழிலைக் காட்டும்; கற்பவரின் பிழையைக் கண்டு திருத்தாது. மெய்யையும் பொய்யையும் ஒரே குரலில் சொல்லும். எனவே கைப்பேசி நல்ல ஏடே. ஆசிரியர் ஆகாது என்பதே எம் கருத்து.

பதினைந்து வயது கடந்தோர்க்கென 2022இல் நடுவணரசு தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டமும், 2023இல் வந்த அதன் ‘உல்லாஸ்’ செயலியும், தன்னார்வலரை நம்பியே அமைந்தவை. அத்தன்னார்வலர் நம் தமிழ்த்துறை மாணவராக இருத்தலாகாதா? மாணவர் ஒவ்வொருவரும் பெரியவர் ஒருவருக்கு வாரம் ஒரு மணி நேரம் தரட்டும். அவர் கைப்பேசியே பலகையாகட்டும். அவருக்கு வரும் செய்தியே பாடமாகட்டும். ஜமாஅத் பெருமக்கள் மகளிர் கற்க ஓர் அறையை மாலையில் திறந்து வைக்கட்டும். ஓதுதலை ஏவிய மார்க்கத்தார்க்கு இஃது அரிய செயலன்று.

யாம் வெள்ளிதோறும் அஸருக்குப் பின் பெரியம்மாவுடன் அமரலானோம். சென்ற மாதம் அவர் அபுதாபியிலுள்ள தம் மகனுக்குத் தாமே தமிழில் தட்டெழுதி அனுப்பினார்: ‘தையல் காசு வந்தது. எண்ணிப் பார்த்தேன்.’ இம்மகிழ்ச்சி எல்லா இல்லங்களிலும் நிறைய உழைப்போமாக!