நாய்க்குச் சோறிடும் பட்டதாரி

“பட்டம் பெற்றவன் வீட்டில் நாய்க்குச் சோறிட்டுக் காலங்கழிக்கிறான்” என எள்ளி நகையாடுவோரே, கேளுங்கள்! விடிந்ததும் நாய்களுக்கு உணவிடுகிறான், வெள்ளிதோறும் வர்த்தமானியைத் துருவுகிறான், விண்ணப்பம் எழுதுகிறான், படலையில் நாய் குரைத்தால் தபாற்காரனோ என ஓடுகிறான். இவனா சோம்பேறி?

1956இல் தனிச்சிங்களச் சட்டம் தமிழருக்கு அரச பணியின் வாயிலைக் குறுக்கியது. 1987இல் பதின்மூன்றாந் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. சட்டம் மொழிக்கு ஆசனம் தந்தது. மொழியைக் கற்றவனுக்கோ ஆசனம் இல்லை! 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் நாட்கணக்காய்த் தெருவில் அமர்ந்தனர். பிச்சையா கேட்டனர்? உழைக்க இடமன்றோ கேட்டனர்!

உண்ட சோற்றுக்கு நாய் வாசலைக் காக்கிறது. எம் வரியை உண்ட அரசு எம் பிள்ளைகளைக் காத்ததா? இளைஞரை ஏசாதீர், ஆள்வோரைக் கேளுங்கள்!