நாற்காலி இருந்தும் உட்கார முடியவில்லை!

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் மேற்கு மாம்பலத்தில் யாருக்கும் வீட்டில் கால் தரிக்காது. ஸ்டேஷனைத் தாண்டினால் ரங்கநாதன் தெரு. அப்புறம் கேட்கவா வேண்டும்? போன வருஷம் ஆடியில் அடுத்த வீட்டு மாமி, "பேத்திக்கு வளைகாப்பு வர்றது, துணைக்கு வாயேன்" என்றாள். மாமிக்கு அறுபத்தெட்டு வயசு. முழங்கால் வலி. எலாஸ்டிக் பட்டையைக் கட்டிக்கொண்டு, பாலத்துப் படிகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே ஏறினாள்.

ஒரு பெரிய கடை. மாமி நுழைந்ததும் ஸ்டூல் வந்தது, தண்ணீர் வந்தது. உபசாரத்தில் குறையே இல்லை. புடவை காட்டின பெண்ணுக்கு இருபது வயசு இருந்தால் அதிகம். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. மாமியோ லேசில் திருப்திப்படுகிறவள் இல்லை. "இந்தக் கலரில் பார்டர் சின்னதா இருக்கா? அந்த மேல் தட்டில் இருக்கே, அதை எடு... வேண்டாம், அதற்குக் கீழே..." என்று முக்கால் மணி நேரம். நாற்பது புடவையாவது பிரித்திருப்பாள். நடுவில் அந்தப் பெண் ஒரு காலைத் தூக்கி மற்றக் கால் மேல் வைத்துக்கொள்வதும், மாற்றிக்கொள்வதுமாக இருந்தாள். மாமி கவனித்துவிட்டாள். "ஏண்டி குழந்தே, கால் வலிக்கிறதா? பின்னாலதான் ஸ்டூல் இருக்கே, செத்த உட்காரேன்" என்றாள்.

அந்தப் பெண் சட்டென்று கூரையைப் பார்த்தது. அங்கே ஒரு காமிரா. "வேண்டாம் மாமி. அது சும்மா போட்டிருக்கு. உட்கார்ந்தா சூப்பர்வைசர் வந்திருவாரு" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு, அடுத்த புடவையைப் பிரித்தது.

வீடு திரும்பும்போது மாமி முழங்கால் வலியைப் பற்றிப் பேசவே இல்லை!

நான் சிறு வயசில் அம்மாவோடு பட்டுப் புடவை எடுக்கப் போனது நினைவுக்கு வந்தது. அப்போதெல்லாம் தரையோடு தரையாக மெத்தை, அதன் மேல் வெள்ளை விரிப்பு. நாமும் காலை மடக்கி உட்காருவோம், எதிரே கடைக்காரரும் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் புடவையை விசிறுவார். உட்கார்ந்தால் மரியாதைக் குறைவு என்று அப்போது ஒருவருக்கும் தோன்றியதில்லை. கண்ணாடி கவுண்டர் வந்தது, மாடிக்கு மேல் மாடி வந்தது. விற்கிறவர்கள் எழுந்து நின்றவர்கள், நின்றபடியே இருந்துவிட்டார்கள்.

"சும்மா போட்டிருக்கு" என்று அந்தப் பெண் சொன்ன ஸ்டூல் சாதாரண ஸ்டூல் இல்லை, சகோதரிகளே. அது சட்டப்படி போட்ட ஸ்டூல்! தமிழ்நாட்டில் 1947ல் வந்த கடைகள், நிறுவனங்கள் சட்டத்தை 2021ல் திருத்தினார்கள். செப்டம்பர் மாதம் சட்டசபையில் மசோதா வந்தது. வேலை நேரம் முழுக்க நின்றுகொண்டே இருக்காமல், சமயம் கிடைக்கும்போது உட்காருவதற்கு ஒவ்வொரு ஊழியருக்கும் இருக்கை வசதி செய்து தரவேண்டும் என்று ஒரு புதுப் பிரிவைச் சேர்த்தார்கள். ஆலைத் தொழிலாளிக்கு அந்த வசதியை 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே சொல்லிவிட்டது. கடையில் நிற்கிற பெண்ணுக்கு வந்து சேர எழுபத்து மூன்று வருஷம் ஆயிற்று.

ஸ்டூல் இருக்கும், ஆனால் உட்காரக் கூடாது. இந்த வேடிக்கையை நான் வேறொரு ஊர்க் கதையிலும் படித்திருக்கிறேன். நியூயார்க் நகரம். நூற்று முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய சமாசாரம்!

அந்தக் காலத்து அமெரிக்கா என்றால் நமக்குத் தெரிந்தது சிகாகோவும் மே தினமும்தான். 1886 மே மாதம் எட்டு மணி நேர வேலை கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், குண்டு வெடித்தது, மறு வருஷம் நான்கு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த மே தினத்தைத்தான் சிங்காரவேலர் 1923ல் நம் சென்னைக் கடற்கரையில் கொண்டாடினார். இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே வந்துவிடுகிறது. ஆனால் அதே வருஷங்களில் நியூயார்க்கின் பெரிய பெரிய ஜவுளிக் கடைகளில் நின்றுகொண்டிருந்த பெண்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை.

நம் ரங்கநாதன் தெருவுக்கும் அதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. மாடி மாடியாகக் கடை, கண்ணைப் பறிக்கும் விளக்கு, உள்ளே வரும் சீமாட்டிகளுக்கு ராஜ உபசாரம். பணத்தையும் பொட்டலத்தையும் கவுண்டருக்கும் கல்லாவுக்குமாகத் தூக்கிக்கொண்டு ஓடச் சின்னஞ்சிறு பெண்கள், "காஷ்! காஷ்!" என்று கூப்பிட்டால் ஓடிவர வேண்டும். தாமதமாக வந்தால் அபராதம். பண்டிகைக் காலத்தில் ராத்திரி எந்நேரமானாலும் நிற்கவேண்டும், அதற்குத் தனிக் கூலி கிடையாது.

அங்கேயும் இருக்கைச் சட்டம் இருந்தது. 1881லேயே நியூயார்க் மாநிலம் கொண்டுவந்துவிட்டது. ஒன்பது வருஷம் கழித்து, உழைக்கும் பெண்கள் சங்கத்தின் காரியதரிசி ஆலிஸ் உட்பிரிட்ஜ் என்பவர் கடை கடையாக ஏறி இறங்கி விசாரித்தார். பல கடைகளில் இருக்கையே இல்லை. சில இடங்களில் பதினைந்து பெண்களுக்கு ஒரே ஒரு இருக்கை. ஒரு கடையில் மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தார்கள், ஆனால் அதில் உட்கார்ந்த பெண்ணுக்கு அபராதம்! இதைப் படித்தபோது எனக்கு நம் திருநெல்வேலிப் பெண்ணின் சிரிப்புதான் கண்ணுக்கு முன்னால் வந்தது.

1890 மே மாதம் நடந்த ஒரு பொதுக்கூட்டத்தில் இந்த விவரமெல்லாம் வெளியே வந்தது. அப்போது இதைக் கையில் எடுத்தவர் ஜோசபின் ஷா லோவெல் என்ற அம்மாள். அவர் கதையே தனி. உள்நாட்டுப் போரில் கணவர் இறந்தபோது அவருக்கு இருபது வயது, வயிற்றில் குழந்தை. பிறகு மறுமணம் செய்துகொள்ளவில்லை, கறுப்பு உடையை விடவும் இல்லை. ஏழைகளுக்கு உதவும் அரசாங்க வாரியத்தில் 1876 முதல் உறுப்பினர். நியூயார்க்கில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண்மணி. பதின்மூன்று வருஷம் கழித்து, 1889ல் அதை ராஜினாமா செய்தார். உழைக்கிறவர்களுக்கு நியாயமாகச் சேரவேண்டியது சேர்ந்துவிட்டால், தர்மம் வாங்குகிற நிலைமைக்கு அவர்கள் ஏன் வரப்போகிறார்கள் என்பது அவர் கட்சி.

அந்தப் பெண்களுக்கு அப்போது ஓட்டு கிடையாது. நம் சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு 1921ல் ஓட்டு கிடைத்தது. நியூயார்க் பெண்களுக்கே 1917ல்தான். சட்டசபைப் பக்கம் போக முடியாது, கடை முதலாளியைக் கேள்வி கேட்கவும் முடியாது. கையில் இருந்தது ஒன்றே ஒன்று, பணப்பை! கடைக்குப் போகிறவர்கள் யார்? பெண்கள். அப்படியென்றால் அந்தப் பெண் யாருக்காக நிற்கிறாள்? இந்தக் கேள்வியிலிருந்து 1891 ஜனவரியில் பிறந்ததுதான் நுகர்வோர் கழகம்.

அவர்கள் செய்த காரியம் ரொம்ப சாமர்த்தியமானது. 'இந்தக் கடைக்குப் போகாதே' என்று கறுப்புப் பட்டியல் போட்டால் கோர்ட்டுக்கு இழுத்துவிடுவார்கள். அதனால் வெள்ளைப் பட்டியல் போட்டார்கள். எது நல்ல கடை? அனுபவப்பட்ட பெண்ணுக்கு வாரம் ஆறு டாலராவது சம்பளம், ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி, காலை எட்டிலிருந்து மாலை ஆறு வரைதான் வேலை, சாப்பிட முக்கால் மணி நேரம், பதினாலு வயசுக்குக் குறைந்த குழந்தைகளை வைக்கக் கூடாது, இருக்கைச் சட்டத்தை மதிக்கவேண்டும். இப்படி இருக்கும் கடைகளின் பெயரை மட்டும் போட்டு, "இங்கே வாங்குங்கள்" என்றார்கள். அத்தனை பெரிய நியூயார்க்கில் முதல் பட்டியலில் தேறிய கடைகள் எட்டே எட்டு!

சாயங்காலம் கடை மூடும் நேரத்தில் போகாதீர்கள், கிறிஸ்துமஸ் சாமானைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப் போடாதீர்கள் என்றெல்லாம் பெண்களிடம் பிரசாரம் செய்தார்கள். 1896ல் இன்னொரு சட்டம் வந்தது. இருபத்தோரு வயதுக்குக் குறைந்த பெண்களுக்கு வாரத்துக்கு அறுபது மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, மூன்று பெண்களுக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்றது. ஆனால் பாருங்கள், டிசம்பர் 15 முதல் வருஷக் கடைசி வரை அந்த நேரக் கட்டுப்பாடு கிடையாது என்று ஒரு ஓட்டையையும் வைத்தார்கள். தீபாவளிக்கு முந்தின பதினைந்து நாளுக்குச் சட்டம் லீவு போட்ட மாதிரி!

எனக்கு ஒரு விஷயம் மட்டும் மனசுக்கு ஒப்பவில்லை. அந்தக் கழகத்தில் கடையில் வேலை பார்க்கும் பெண்கள் சேர முடியாது. முதலாளியும் கூடாது, சிப்பந்தியும் கூடாது, வாங்குகிறவர்கள் மட்டும்தான் என்று விதி. வேலை போய்விடும் என்ற பயத்தில் அவர்களால் வாயைத் திறக்க முடியாது, அவர்களுக்காக நாம் பேசுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். காரணம் சரியாகவே இருக்கட்டும். ஆனால் முதலில் கடை கடையாக ஏறி விசாரித்தது உழைக்கும் பெண்கள் சங்கம்தானே? வெளியே நிறுத்தப்பட்டது மட்டும் அவர்களா?

அந்த விஷயத்தில் நம் பக்கத்துக் கோழிக்கோட்டுப் பெண்கள் ஒரு படி மேல். மிட்டாய்த் தெருவில் தையல் வேலை பார்த்த விஜி என்பவர், 2009ல் 'பெண்கூட்டு' என்று ஆரம்பித்தார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை! நாள் முழுக்கக் கடையில் நிற்கிற பெண்ணுக்கு ஒதுங்க இடமில்லை. அதற்கப்புறம்தான் உட்காரும் உரிமை. கேரளத்தில் 2018ல் சட்டம் வந்தது. அதைப் பார்த்துத்தான் நம் ஊரிலும் 2021ல் வந்தது. நின்றவர்களே கேட்டு வாங்கின சட்டம் அது.

நாள் முழுக்க நிற்பது என்றால் என்ன என்று, சமையலறையில் நின்று காலை ஒடித்துக்கொள்கிற நமக்குத் தெரியாதா? காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டும். நடக்கும்போது கெண்டைக்கால் சதை அமுக்கி அமுக்கி அதை மேலே தள்ளும். அசையாமல் நின்றால் ரத்தம் கீழேயே தேங்கும். சாயங்காலம் பாதம் வீங்கும், குதிகால் குத்தும். வருஷக் கணக்கில் நின்றால் ரத்தக் குழாய்கள் பச்சைக் கயிறு மாதிரி புடைத்துச் சுருண்டுகொள்ளும். டாக்டர்கள் வெரிகோஸ் என்பார்கள். வலி இரண்டாம் பட்சம். புண்ணாகிவிட்டால் ஆறுவதே கஷ்டம். கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள், நீர்க்கடுப்பு வரும். மாதவிலக்கு நாட்களில் என்ன பாடு என்று நான் எழுதியா தெரியவேண்டும்? 2010ல் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது, மாம்பலத்தில் பார்த்தவர்கள் எல்லோரும் ரெண்டு நாள் பேசினோம். மூன்றாம் நாள் அதே தெருவில் பை பையாக வாங்கிக்கொண்டு வந்தோம். நானும்தான்.

இந்தத் தீபாவளிக்கு மாமி ஒரு புதுப் பழக்கம் ஆரம்பித்தாள். ஒரு மாதம் முன்னாலேயே, கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குக் கிளம்பினாள். என்ன கலர், என்ன விலை என்று வீட்டிலேயே ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டாள். அதே கடை, அந்தப் பெண் இல்லை, வேறொரு பெண். மாமி தனக்கு வந்த ஸ்டூலில் உட்காரவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "தம்பி, இந்தக் குழந்தையும் உட்கார்ந்துண்டு காட்டினாத்தான் நானும் உட்காருவேன். என் முழங்காலைப் பார்த்தேளா?" என்றாள். அவருக்குத் தர்மசங்கடம். "கஸ்டமர் முன்னாடி உட்கார்ந்தா நல்லா இருக்காதுங்க, கம்ப்ளெய்ண்ட் வரும்" என்றார். மாமி விடுவாளா? "கஸ்டமர் நான்தானே? கம்ப்ளெய்ண்ட் புக்கைக் கொண்டாங்கோ, நானே எழுதித் தரேன்!"

அவர் புத்தகம் கொண்டுவரவில்லை. அந்தப் பக்கம் போய்விட்டார். அந்தப் பெண் காமிராவை ஒரு தரம் பார்த்தது, மாமியைப் பார்த்தது. ஸ்டூல் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிற மாதிரி, ஒட்டினாற்போல் உட்கார்ந்தது. மாமி நாலாவது புடவையையே எடுத்துக்கொண்டாள். என் அனுபவத்தில் அது ஒரு சாதனை!

உங்கள் ஊர்க் கடைகளில் எப்படி? விற்கிற பெண்கள் உட்கார்ந்திருப்பதை எங்காவது பார்த்தீர்களா, அவர்களுக்குக் கழிப்பறை எந்த மாடியில் என்று அவர்களையே கேட்டுப் பார்த்தீர்களா? நல்லபடியாக நடத்துகிற கடை உங்கள் ஊரில் இருந்தால் அதை மட்டும் எழுதுங்கள். எட்டு தேறுகிறதா பார்ப்போம்.