ஒரு அங்குலத் தோட்டா! ஒன்றரை கிலோமீட்டர் பாயும்!

துப்பாக்கித் தோட்டாக்களில் மிகவும் சிறியவற்றுள் ஒன்று "பாயிண்ட் 22". அதன் நீளம் ஒரே ஒரு அங்குலம். குறி பார்த்துச் சுடும் போட்டிக்கும், முயல் போன்ற சிறு பிராணிகளின் வேட்டைக்கும் உலகம் முழுவதும் பயன்படுகிறது. அமெரிக்காவில் 1887-ம் ஆண்டு உருவானது.

பித்தளைக் குப்பி. அதற்குள் மருந்து. நுனியில் ஈயக் குண்டு. குப்பியின் விளிம்பில் ஊசி தட்டியதும் மருந்து எரிந்து, குண்டு சீறிப் பாயும்!

வெண்கலம் வந்தது!

2024-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந் தேதி, பாரீஸ் ஒலிம்பிக்கில், கோலாப்பூரைச் சேர்ந்த சுவப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். அவர் சுட்டது இந்தத் தோட்டாவைத்தான்.

வேட்டைக்குத் தடை

ஆனால் நம் நாட்டில் இதை வைத்துக் காட்டுப் பிராணிகளை வேட்டையாட முடியாது. 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. பொம்மையார்பாளையத்துக்கு வடக்கே, மரக்காணம் பக்கம் உள்ள கழுவேலி ஏரி 2021-ம் ஆண்டு பறவைகள் சரணாலயம் ஆயிற்று. அங்கே நாரையைச் சுட்டாலும் குற்றம்; கொக்கைச் சுட்டாலும் குற்றம்!

சிறுவன் பலி

50 மீட்டர் போட்டிக்கான இந்தக் குண்டு, தடுப்பு இல்லாவிட்டால் சுமார் ஒன்றரை கிலோமீட்டர் போகும். பொம்மையார்பாளையத்தின் ஒரு கோடியில் சுட்டால், மறுகோடியில் வலை பின்னுகிறவருக்கும் ஆபத்துதான். படையினரின் தோட்டாவோ இன்னும் வெகுதூரம் போகும்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி, புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே, துப்பாக்கி சுடும் பயிற்சித் தளத்தில் பயிற்சி நடந்தது. தளத்துக்கு வெளியே இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3-ந் தேதி அவன் இறந்தான்.

சுடுகிறவர் குறி தவறலாம். தவறிய குண்டு எங்கே போய் விழும்? இதுதான் முக்கியமான கேள்வி. இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு வேண்டும். அதற்கும் அப்பால் ஆள் நடமாட்டம் இருக்கக் கூடாது. ஊருக்குப் பக்கத்தில் தளம் அமைக்கும்போது, பதக்கத்தை நினைப்பதற்கு முன்னால் இதை நினைக்க வேண்டும்.

பெற்றோர் கவனத்துக்கு!

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி இல்லாமல் வெறும் தோட்டாவை வைத்திருப்பதற்கும் லைசென்சு வேண்டும். வயலிலோ கடற்கரையிலோ தோட்டா கிடந்தால் பிள்ளைகள் அதைத் தொடக் கூடாது. கல்லால் தட்டினாலும், தீயில் போட்டாலும் வெடித்துவிடும். உடனே போலீசுக்குச் சொல்லுங்கள்.